டிரெய்லருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத 30 அடி

வாசகர் கேள்வி

“கல்லணை சாலைப் பக்கம் வாழையும் பொங்கல் கரும்பும் சாகுபடி செய்கிறோம். டிராக்டருடன் 12 அடி நீள டிரெய்லர் இருக்கிறது. போன மாதம் வீட்டு வாசலில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்தபோது, பேத்தியின் மூன்று சக்கர சைக்கிள் அடியில் சிக்கி நசுங்கிவிட்டது. அதற்குச் சற்று முன்புதான் குழந்தை தண்ணீர் குடிக்க உள்ளே போயிருக்கிறாள். அன்றிலிருந்து ரிவர்ஸ் எடுக்கவே கை நடுங்குகிறது. கார்களில் இருப்பதுபோல டிரெய்லருக்கும் பின்பக்கக் கேமரா பொருத்த முடியுமா? எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?”

- வாழை விவசாயி, திருவானைக்காவல்.

பதில்:

தாராளமாகப் பொருத்தலாம். ஆனால், கார் கேமராவை அப்படியே வாங்கி டிரெய்லரில் மாட்டினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. காரில் கேமராவும் திரையும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. டிராக்டரும் டிரெய்லரும் தனித்தனி வண்டிகள். அடிக்கடி கழற்றி மாட்டப்படுபவை. சேறு, தூசி, அதிர்வு, வெயில், எலி என்று எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அதனால், ‘எத்தனை மெகாபிக்சல்?’ என்று கேட்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன.

எவ்வளவு தூரம் மறைகிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டிராக்டர் இருக்கையில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 7 அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் பின்கதவின் மேல்விளிம்பு ஐந்தரை அடி உயரம். கண்ணுக்கும் பின்கதவுக்கும் இடையில் 18 அடி தூரம். டிரெய்லர் காலியாக இருந்தாலும்கூட, பின்கதவை ஒட்டி நிற்கும் 3 அடி உயரப் பொருள் கண்ணில் படாது. அது பின்கதவிலிருந்து 30 அடிக்கு அப்பால் போனால்தான் அதன் உச்சி தெரியும். மூன்று வயதுக் குழந்தையின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். வாழைத்தார் ஏற்றிய டிரெய்லர் என்றால், பின்னால் பெரிய ஆள் நின்றாலும் தெரியாது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சாக்கில் வைக்கோலைத் திணித்து, 3 அடி உயரத்துக்குக் கட்டி டிரெய்லருக்குப் பின்னால் நிறுத்த வேண்டும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து பார்க்க, இன்னொருவர் சாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்த வேண்டும். எந்த இடத்தில் சாக்கு தெரிகிறதோ, அதுவரை உள்ள தரை முழுக்க ஓட்டுபவருக்கு இருட்டுதான். பக்கவாட்டுக் கண்ணாடிகளைத் திருப்பிவைத்தும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். கண்ணாடியில் டிரெய்லரின் இரண்டு ஓரங்களும் தெரியுமே தவிர, நடுப்பகுதி தெரியாது. கேமரா வேண்டியது அந்த நடுப்பகுதிக்குத்தான்.

இது கவனக்குறைவானவர்களுக்கு மட்டும் நேரும் விபத்தல்ல. அமெரிக்காவில் 2002-ம் ஆண்டு, நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் தன் வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுத்தபோது, அவருடைய இரண்டு வயது மகன் கேமரன் குல்பிரான்சன் அதில் சிக்கி இறந்துபோனான். அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008-ம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன்படி, 2018 மே 1 முதல் புதிய கார்கள் அனைத்திலும் பின்பக்கக் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளத்துக்குத் தரை தெரிய வேண்டும். ரிவர்ஸ் கியர் போட்ட 2 விநாடிக்குள் படம் வர வேண்டும் என்பது அங்குள்ள விதி. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்கு ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயமாகியிருக்கிறது. டிராக்டர் டிரெய்லருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும், அந்த 10 அடிக்கு 20 அடி என்ற அளவை டிரெய்லருக்கும் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒயரா, ஒயர்லெஸ்ஸா?

கடைக்குப் போனதும் முதலில் எழும் கேள்வி இதுதான். ஒரே டிராக்டர், ஒரே டிரெய்லர் என்றால் ஒயர் உள்ள கேமராதான் நல்லது. படம் தடைப்படாது, விலையும் குறைவு. டிராக்டரின் முன்பக்கத் திரையிலிருந்து டிரெய்லரின் பின்கதவு வரைக்கும் ஒரு கயிற்றைப் பிடித்து அளந்துகொள்ள வேண்டும். நேர்க்கோட்டில் அளக்காமல், ஒயர் போகும் வழியிலேயே சேஸியை ஒட்டி அளக்க வேண்டும். 12 அடி டிரெய்லருக்குச் சுமார் 10 மீட்டர் வரும். திரும்பும்போது இழுபடாமல் இருக்கக் கூடுதல் நீளம் தேவை என்பதால், 15 மீட்டர் ஒயர் வாங்குவது பாதுகாப்பு.

டிராக்டரும் டிரெய்லரும் இணையும் இடத்தில்தான் ஒயர் அறுந்துபோகும். அந்த இடத்துக்கு மட்டும், பழைய தொலைபேசி ஒயர்போல நீண்டு சுருங்கும் சுருள் ஒயர் போட வேண்டும். டிரெய்லரைக் கழற்றும்போது கேமரா ஒயரைக் கழற்ற மறப்பது சகஜம். இழுத்தால் அறுந்துவிடாமல், தானாகக் கழன்றுகொள்ளும் பிளக் அந்த இடத்தில் இருந்தால் செலவு மிச்சம். கழற்றிய பிறகு இரண்டு முனைகளுக்கும் ரப்பர் மூடி போட வேண்டும். மற்ற இணைப்புகளில், டி.வி-க்குப் பயன்படுத்தும் மஞ்சள் நிற ஆர்.சி.ஏ. முனை வேண்டாம். அது அதிர்வில் கழன்றுவிடும். ஈரம் பட்டால் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். நான்கு முள் கொண்ட, திருகி இறுக்கும் வட்ட கனெக்டர்தான் லாரி, டிராக்டருக்கு ஏற்றது. டிரெய்லர் விளக்குகளுக்குப் போகும் பிளக்கிலேயே கேமரா ஒயரையும் சேர்த்துவிடலாம் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். அப்படிச் செய்தால் படத்தில் கோடு விழும். தனி ஒயர்தான் சரி.

வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கும், ஒரே டிராக்டரில் இரண்டு மூன்று டிரெய்லர்களை மாற்றி மாற்றி இழுப்பவர்களுக்கும் ஒயர்லெஸ் கேமரா வசதியாக இருக்கும். சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியும், அடியில் காந்தமும் உள்ள கேமராக்கள் கிடைக்கின்றன. டிரெய்லர் இரும்பாக இருப்பதால் எங்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும், காந்தத்தை மட்டும் நம்பாமல் ஒரு மெல்லிய கம்பியால் கட்டிவைக்க வேண்டும். இதில் டிஜிட்டல் சிக்னல் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். விலை குறைந்த அனலாக் வகையில், அருகில் வைஃபை இருந்தாலே படம் கலங்கும்.

செல்போனில் படம் காட்டும் வைஃபை கேமராக்களும் உண்டு. வாங்கும் முன்பு, அவற்றில் படம் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று பார்க்க வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ரிவர்ஸ் எடுத்தால், வண்டி ஒரு விநாடியில் நாலரை அடி நகர்ந்துவிடும். படம் அரை விநாடி தாமதமாக வந்தால், திரையில் பார்ப்பதற்கும் உண்மையில் வண்டி நிற்கும் இடத்துக்கும் இரண்டு அடிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். கேமராவுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தாலே தாமதம் தெரிந்துவிடும்.

எந்த இடத்தில் பொருத்துவது?

கார் கேமராவில் இல்லாத சிக்கல் இதுதான். பின்கதவின் மேல்விளிம்பில் பொருத்தினால் பார்வை நன்றாக இருக்கும். ஆனால், வாழைத்தார் ஏற்றும்போது சுற்றிலும் போடும் சருகும் இலையும் தொங்கிக் கேமராவை மறைக்கும். கரும்பு, வைக்கோல் ஏற்றினாலும் இதே கதிதான். தவிர, பின்கதவைத் திறந்து கீழே தொங்கவிடும்போது கேமரா அடிபடும்.

டிப்பர் வகை டிரெய்லரில் தொட்டி மேலே தூக்கும். சேஸி அப்படியே இருக்கும். அதில், பின்விளக்குகள் இருக்கும் குறுக்குச் சட்டத்தின் நடுவில் பொருத்துவது நல்லது. ஒயரும் சேஸியோடு போய்விடுவதால், தொட்டி தூக்கும்போது இழுபடாது. இந்த இடத்தில் சேறு தெறிக்கும் என்பதால், மூன்று பக்கம் மூடிய சின்ன இரும்புக் கூடு ஒன்றை வெல்டிங் வைத்து, அதற்குள் கேமராவை உட்காரவைக்க வேண்டும். உயரம் குறைவாக இருப்பதால் தொலைவு கொஞ்சம் குறைவாகத் தெரியும். ஆனால், அருகில் இருப்பது நன்றாகத் தெரியும். உயிர் போவது அருகில் இருப்பவர்களுக்குத்தான். தொட்டி தூக்காத டிரெய்லரில், பின்கதவை ஒட்டிய மூலைக் கம்பத்தில் உயரமாகப் பொருத்தலாம். பாரம் ஏற்றி முடித்ததும், கேமராவை எதுவும் மறைக்கவில்லையா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த இடமாக இருந்தாலும், படத்தின் அடிப்பகுதியில் டிரெய்லரின் விளிம்பு கொஞ்சம் தெரிகிற மாதிரி கேமராவைச் சாய்த்துவைக்க வேண்டும். அந்த விளிம்பு தெரியாவிட்டால், பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்கவே முடியாது.

கேமராவில் என்ன பார்க்க வேண்டும்?

தண்ணீர், தூசி தாங்கும் திறனை ‘ஐ.பி.’ என்ற எண்ணில் குறிப்பிடுவார்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. ஐ.பி.67 என்றால் தூசி புகாது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. சர்வீஸ் ஸ்டேஷனில் அழுத்தமான தண்ணீர் பீய்ச்சிக் கழுவுபவர்கள் ஐ.பி.69கே என்று உள்ளதை வாங்குவது நல்லது. 67 என்பதால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்று அர்த்தமில்லை.

பார்வைக் கோணம் 120 முதல் 150 டிகிரி வரை போதும். அதற்கு மேல் போனால் ஓரங்கள் வளைந்து தெரியும். அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதுபோலக் காட்டும். இரவில் பார்க்க, கேமராவைச் சுற்றிச் சின்னச் சின்ன அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும். அந்த வெளிச்சத்தில் படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். தூரமும் அதிகம் தெரியாது. பொங்கல் கரும்பு வெட்டும் மார்கழிப் பனியில் இன்னும் மங்கும். அதனால், கேமராவுடன் டிரெய்லரின் பின்னால் ஒரு ரிவர்ஸ் விளக்கும் பொருத்துவதுதான் சரியான வழி. பின்னால் நிற்பவருக்கும் அது எச்சரிக்கையாக இருக்கும்.

கேமராவும் திரையும் ஒரே வகை சிக்னலில் வேலை செய்கின்றனவா என்று கேட்க வேண்டும். ஏ.ஹெச்.டி. வகைக் கேமராவை, அந்த வசதி இல்லாத பழைய திரையில் மாட்டினால் படம் வராது. இரண்டையும் ஒரே செட்டாக வாங்கினால் இந்தப் பிரச்னை இல்லை.

திரை எப்படி இருக்க வேண்டும்?

பெரும்பாலான டிராக்டர்களுக்குக் கேபின் கிடையாது. கார் திரை, உச்சி வெயிலில் வெறும் கறுப்புப் பலகையாகத்தான் தெரியும். 7 அங்குலத் திரையும், அதன் மேல் வெயிலை மறைக்கும் தொப்பியும் கட்டாயம் தேவை. கடைக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மதியம் 12 மணிக்குத் தெருவில் வைத்துப் பார்க்க வேண்டும். திரையும் மழை தாங்குவதாக இருக்க வேண்டும். இல்லையென்றால், வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போகும்படி இருக்க வேண்டும். திருட்டுக்கும் அதுதான் பாதுகாப்பு.

படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறித் தெரிய வேண்டும். டிரெய்லரின் வலது ஓரம் திரையிலும் வலது பக்கமே இருக்க வேண்டும். மாறி இருந்தால், அவசரத்தில் ஸ்டீயரிங்கைத் தவறான பக்கம் திருப்பிவிட நேரும். பெரும்பாலான திரைகளில் இதை மாற்றும் வசதி உண்டு.

மின் இணைப்பு

டிராக்டர் பேட்டரி 12 வோல்ட். 12 முதல் 24 வோல்ட் வரை தாங்கும் செட்டாக வாங்கினால், டைனமோவில் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் தாங்கும். ஒரு கேமரா, ஒரு திரைக்கு ஒரு ஆம்பியருக்கும் குறைவான மின்சாரமே போதும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து, சின்ன ஃபியூஸ் வைத்து இணைப்பு எடுக்க வேண்டும். நேரடியாகப் பேட்டரியில் கொடுத்தால், அணைக்க மறக்கும்போதெல்லாம் பேட்டரி வீணாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

ரிவர்ஸ் கியர் போட்டதும் திரை தானாக எரிய, கியர் பெட்டியில் அதற்கான ஸ்விட்ச் இருக்க வேண்டும். பல டிராக்டர்களில் அது இருக்காது. கை எட்டும் இடத்தில் ஒரு ஸ்விட்ச் வைத்துக்கொண்டாலே போதும். ஒயரை எலி கடிக்காமல் இருக்க, நெளியும் பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்தி, சைலன்சர் சூடு படாத பக்கமாகக் கொண்டுபோக வேண்டும்.

கொக்கிக்கு இன்னொரு கேமரா

பின்பக்கம் என்றதும் டிரெய்லரின் வால் பக்கம்தான் நினைவுக்கு வரும். ஆனால், டிரெய்லரை டிராக்டரில் மாட்டும் வேளையும் அதே அளவுக்கு ஆபத்தானது. ‘இன்னும் கொஞ்சம் வா, வா’ என்று சொல்லிக்கொண்டே, ஒருவர் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நின்று முளையைச் சொருகுவார். கிளட்சில் கால் ஒரு அங்குலம் வழுக்கினால் அவருடைய நெஞ்சு நசுங்கிவிடும். கொக்கியைப் பார்த்தபடி டிராக்டரின் பின்னால் ஒரு சின்னக் கேமரா இருந்தால், நடுவில் ஆள் நிற்காமலேயே கொக்கிக்கு நேராக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தலாம். என்ஜினை அணைத்து, பிரேக்கைப் பூட்டிய பிறகு முளையைச் சொருகிக்கொள்ளலாம். அதனால், இரண்டு கேமராக்களை இணைக்கும் வசதியுள்ள திரையாக வாங்கிவிடுவது நல்லது. இரண்டாவது கேமராவைப் பிறகு பணம் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

கேமரா செய்யாத வேலைகள்

கார் கேமராவில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் தெரியும். அவை காருக்குப் போட்ட கணக்கு. டிரெய்லரின் பின்பகுதியை இடப்பக்கம் கொண்டுபோக, ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். அது எந்த அளவுக்கு மடங்கும் என்பது அந்தக் கோடுகளுக்குத் தெரியாது. அவற்றை அணைத்துவைப்பதே நல்லது. முன்சக்கரங்களும் தனியாகத் திரும்பும் நான்கு சக்கர டிரெய்லர் இரண்டு இடங்களில் மடங்கும் என்பதால், அதை ரிவர்ஸ் எடுக்கும்போது திரையை மட்டும் பார்க்கவே கூடாது. கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும்.

கார்களில் ஒலி எழுப்பும் சென்சார் டிரெய்லருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தொங்கும் வாழை இலைக்கும் அப்பிய சேற்றுக்கும் அது சும்மாவே கத்தும். சும்மா கத்தும் கருவியை யாரும் மதிப்பதில்லை.

வாழைத் தோட்டத்திலிருந்து கல்லணை சாலைக்கு டிரெய்லரை ரிவர்ஸில் கொண்டுவந்தால், இருபுறமும் வரும் பைக்குகளும் பஸ்களும் கேமராவில் தெரியாது. டிரெய்லரின் வால் சாலைக்குள் நுழைந்த பிறகுதான் தெரியும். அங்கே ஓர் ஆளைச் சாலையில் நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஆளும் டிரெய்லருக்கு நேர் பின்னால் நிற்காமல், ஓட்டுபவரின் கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியாமல் போனால், அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. ஒயர் எத்தனை மீட்டர்? கூடுதல் நீளம் தனியாகக் கிடைக்குமா?
2. கனெக்டர் திருகும் வகையா?
3. ஐ.பி. எண் கேமராவிலேயே அச்சிடப்பட்டிருக்கிறதா, அட்டைப்பெட்டியில் மட்டும்தானா?
4. 12 வோல்ட், 24 வோல்ட் இரண்டையும் தாங்குமா?
5. இரண்டு கேமராக்களை இணைக்க முடியுமா?
6. படத்தை இடவலம் மாற்ற முடியுமா? கோடுகளை அணைக்க முடியுமா?
7. கேமரா மட்டும் பழுதானால், அதை மட்டும் தனியாக வாங்க முடியுமா?

பணம் குறைவாக இருந்தால், படத்தின் துல்லியத்தில் சிக்கனம் பிடிக்கலாம். ஒயரிலும் கனெக்டரிலும் பிடிக்கக் கூடாது. பின்னால் குழந்தை நிற்கிறதா, இல்லையா என்று தெரிந்துகொள்ளச் சாதாரணத் துல்லியமே போதும். ஆனால், ஒயர் அறுந்தால் அதுவும் தெரியாது.

கேமரா பொருத்தி முடித்த அன்றே, வைக்கோல் சாக்குச் சோதனையை மறுபடியும் செய்து பார்க்க வேண்டும். டிரெய்லரின் நடுவில், இடது மூலையில், வலது மூலையில் என மூன்று இடங்களிலும் சாக்கை நிறுத்தி, எங்கே தெரிகிறது, எங்கே மறைகிறது என்று டிராக்டர் ஓட்டும் அத்தனை பேருக்கும் காட்ட வேண்டும். தினமும் வண்டியை எடுக்கும் முன்பு ஈரத்துணியால் கேமராக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். அதைத் துடைக்க டிரெய்லருக்குப் பின்னால் நடந்துபோக வேண்டியிருக்கும். அப்படிப் போகும்போதே, அங்கே யாராவது இருக்கிறார்களா என்று நேரிலும் பார்த்துவிடலாம்.

வீட்டு வாசலில் வண்டியை எடுக்கும்போது இன்னும் ஒரு வழக்கம் வேண்டும். குழந்தை எங்கே என்று குரல் கொடுத்து, ‘இங்கே என்னிடம் இருக்கிறாள்’ என்று வீட்டில் ஒருவர் பதில் சொன்ன பிறகுதான் கியர் போட வேண்டும். பதில் வரவில்லை என்றால், திரையில் பின்பக்கம் காலியாகத் தெரிந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது.